இருட்டு அரங்கில் எடுத்த வீடியோவில் கருப்பெல்லாம் புள்ளியாக ஊர்கிறது: என்ன செய்தால் குறையும்?

மேடைக்கண்

வணக்கம். நான் பெரும்பாலும் அரங்க நிகழ்ச்சிகளைத்தான் பதிவு செய்கிறேன். நடனம், நாடகம், இசை என்று எதுவானாலும் உள்ளரங்கம், பார்வையாளர் பக்கம் முழு இருட்டு, மேடையில் மட்டும் விளக்கு.

ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமரா. அதோடு வந்த 16-50 மில்லிமீட்டர் லென்ஸ்தான், எஃப் 3.5-5.6. நொடிக்கு 50 ஃபிரேம், ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ ஆட்டோவில். மேடை மங்கும்போது ஐஎஸ்ஓ 6400 வரை ஏறிவிடுகிறது. பின்னால் இருக்கும் கருப்புத் திரைச்சீலை முழுக்கப் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் அசைகின்றன. எடிட்டிங்கில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினால் இன்னும் மோசம். இணையத்தில் ஏற்றியபின் பார்த்தால் அந்தப் புள்ளிகள் கட்டம் கட்டமாக மாறிக் கிடக்கின்றன.

ஐஎஸ்ஓவை 1600-இல் நிறுத்திவிட்டு, இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் ஏற்றியும் பார்த்தேன். அது 6400-ஐ விட அசிங்கமாக வந்தது. ஏன் என்று புரியவில்லை. கேமராவை மாற்ற வேண்டுமா, நல்ல நாய்ஸ் குறைக்கும் மென்பொருள் வாங்கினால் போதுமா?

ஒளியளவு

கேமராவை மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். புள்ளிகளை உண்டாக்குவது ஐஎஸ்ஓ இல்லை. வெளிச்சம் போதாமைதான். ஒளி சென்சாரில் துகள் துகளாக, முன்பின்னாக வந்து விழுகிறது. மழை தூறத் தொடங்கும்போது முற்றத்துக் கற்களைப் பார்த்தால் ஒரு கல்லில் மூன்று துளி இருக்கும், பக்கத்துக் கல்லில் ஏழு இருக்கும். நன்றாகப் பெய்து முடித்தபின் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். சென்சாரிலும் அப்படித்தான். ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 ஒளித்துகள் வந்தால் ஏற்ற இறக்கம் 10 அளவுக்கு இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 வந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இருட்டில் நீங்கள் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பங்கு இதுதான். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் இதைத் தாண்ட முடியாது.

ஐஎஸ்ஓ என்பது வந்து சேர்ந்த சிக்னலைப் பெருக்குவது மட்டுமே. வெளிச்சம் குறைவதால் ஐஎஸ்ஓ ஏறுகிறது, அதே காரணத்தால் புள்ளியும் வருகிறது. இரண்டும் சேர்ந்தே வருவதால் பழி ஐஎஸ்ஓ தலையில் விழுகிறது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஷட்டரை 1/125-இலிருந்து 1/50-க்கு இறக்கினால் வெளிச்சம் 2.5 மடங்கு. உங்கள் லென்ஸை 50 மில்லிமீட்டருக்கு இழுத்தால் எஃப் 5.6 ஆகிவிடும் (எஃப் எண் கூடினால் லென்ஸ் திறப்பு சுருங்குகிறது என்று பொருள்). அதற்குப் பதில் எஃப் 1.8 திறக்கும் 50 மில்லிமீட்டர் ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) போட்டால் ஏறத்தாழ 9.7 மடங்கு. இரண்டையும் பெருக்குங்கள், 24 மடங்கு. இப்போது 6400 கேட்கும் காட்சிக்கு 270 போதும்! இதே கேமரா, இதே மேடை.

1600-இல் இருட்டாக எடுத்தது ஏன் மோசமானது என்பதற்கும் காரணம் உண்டு. சென்சாரிலிருந்து சிக்னலைப் படிக்கும் மின்சுற்றுக்கே ஒரு சொந்த இரைச்சல் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஐஎஸ்ஓ பெருக்கம் முடிந்தபிறகு சேருவது. கேமராவுக்குள்ளேயே பெருக்கிவிட்டால் சிக்னல் அந்த இரைச்சலுக்கு மேலே நிற்கும். பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அதைவிடப் பெரிய சேதம் கோப்பில் நடக்கிறது. 8-பிட்டில் மொத்தமே 256 படிகள். இருட்டாக எடுத்தால் காட்சி முழுவதும் அடியில் உள்ள சில படிகளுக்குள் அடங்கிவிடும். வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை அந்த இருட்டுப் பகுதிக்குத்தான் மிகக் குறைவாகத் தகவல் ஒதுக்கும். ஆக, நீங்கள் பிறகு ஏற்றிப் பார்ப்பது ஏற்கெனவே தூக்கியெறியப்பட்ட பகுதியை.

கத்திரிக்கோல்

ஒளியளவு சொல்வது கணக்கில் சரி. ஆனால் எஃப் 1.8-இல் நடனம் எடுத்துத் தொகுக்கக் கொடுப்பவர்களின் கோப்புகளை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பாதி நேரம் ஃபோகஸ் போயிருக்கும். முன்வரிசையில் ஆடுபவர் தெளிவு, பின்வரிசை மங்கல். புள்ளியைக் குறைக்க எனக்கு வழி இருக்கிறது. போன ஃபோகஸை மீட்க எந்த மென்பொருளாலும் ஆகாது. தயவுசெய்து அதையும் யோசியுங்கள்.

ஒளியளவு

நியாயமான கவலைதான். அதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். ஏபிஎஸ்-சி, 50 மில்லிமீட்டர், மேடை 10 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.8-இல் ஏறத்தாழ 8.7 மீட்டரிலிருந்து 11.7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். எஃப் 2.8-இல் 8.2 முதல் 12.9 வரை. தனி ஆள் ஆடுகிறார் என்றால் 3 மீட்டர் ஆழம் தாராளம். குழு நடனம் என்றால் 2.8-க்கு மூடுங்கள், அப்போதும் 5.6-ஐ விட 4 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அருகில் நின்று முகத்தை மட்டும் எடுப்பவருக்குத்தான் கத்திரிக்கோல் சொல்லும் ஆபத்து உண்மையிலேயே பெரிது.

கத்திரிக்கோல்

10 மீட்டர் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஷட்டர் பற்றி ஒன்று. நொடிக்கு 50 ஃபிரேம் வைத்தாலும் 1/50 ஷட்டர் வைக்கலாம், கேமரா அனுமதிக்கும். ஆனால் 50 ஃபிரேம் என்றால் அதே பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகும் தகவல் அளவு) இரண்டு மடங்கு ஃபிரேம்களுக்குப் பங்கு போகும். ஸ்லோமோஷன் தேவையில்லை என்றால் 25-க்கு வந்துவிடுங்கள். ஆடும்போது கை லேசாக இழுபடும். அது கண்ணுக்கு இயல்பாகத்தான் இருக்கும், 1/125-இல்தான் அசைவு வெட்டு வெட்டாகத் தெரியும்.

60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் இருப்பவர்கள் 30 ஃபிரேம், 1/60 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சில விளக்குகள் துடிப்பது படத்தில் பதிவாகிவிடும்.

நிழல்வெளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் ஒரு குழப்பம். "எப்போதும் பேஸ் ஐஎஸ்ஓவில் (சென்சாரின் அடிப்படை ஐஎஸ்ஓ) எடு, அதுதான் சுத்தம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே நேர் எதிராகச் சொல்கிறீர்களே?

பழையலென்ஸ்

நிழல்வெளி, வெளிச்சம் தேவையான அளவு இருந்தால் அவர்கள் சொல்வது சரி. இருட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் கெடும்.

அப்புறம், இப்போது வரும் பல கேமராக்களில் பேஸ் ஐஎஸ்ஓ ஒன்று இல்லை, இரண்டு. 2014-இல் பானசோனிக்கின் வேரிகேம் 35 இதைக் கொண்டுவந்தது, 800 ஒன்று, 5000 ஒன்று. இப்போது கையடக்கக் கேமராக்களிலும் வந்துவிட்டது. லூமிக்ஸ் எஸ்5-இல் வி-லாக் (அகலமான ஒளி வீச்சைத் தட்டையாகப் பதிவு செய்யும் 'லாக்' வகைப் புரொஃபைல்) வைத்தால் 640, 4000. சோனி ஏ7எஸ் III-இல் எஸ்-லாக்3 வைத்தால் 640, 12800. இரண்டாவது படிக்கு மாறும்போது சென்சாரிலிருந்து சிக்னலைப் படிக்கும் முறையே மாறுகிறது, படிக்கும் இரைச்சல் சட்டென்று குறைகிறது.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே நல்ல எடுத்துக்காட்டு. அதில் 100 முதல் 1000 வரை 400 என்ற அடியில் ஓடும். 1250-லிருந்து 3200 என்ற அடிக்கு மாறிவிடும். அதனால் 1000-இல் எடுத்த நிழலை விட 1250-இல் எடுத்த நிழல் சுத்தமாக இருக்கும். எண் ஏறுகிறது, புள்ளி குறைகிறது. இது தெரியாமல் 1000-இலேயே பயந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

உங்கள் கேமராவில் எந்த இடத்தில் மாறுகிறது என்று கையேட்டில் இல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். லென்ஸ் மூடியைப் போடுங்கள். ஷட்டரை 1/50-இல் வையுங்கள். ஐஎஸ்ஓவை ஒவ்வொரு படியாக ஏற்றிச் சில நொடிகள் பதிவு செய்யுங்கள். கேமராவின் நாய்ஸ் ரிடக்‌ஷனை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். எடிட்டிங்கில் எல்லா கிளிப்பையும் வரிசையாகப் போட்டு ஒரே அளவு வெளிச்சம் ஏற்றிப் பாருங்கள். படிப்படியாகக் கூடிவரும் புள்ளி ஓரிடத்தில் திடீரென்று அடங்கும். அதுதான் இரண்டாவது படி. எங்கேயும் அடங்கவில்லை என்றால் உங்கள் கேமராவில் அந்த வசதி இல்லை, அல்லது அந்தப் படப் புரொஃபைலில் இல்லை.

மேடைக்கண்

எல்லோருக்கும் நன்றி. லாக் வைத்து எடுத்தால் நிழலில் கூடுதல் விவரம் கிடைக்கும் என்று படித்தேன். என் கேமராவிலும் இருக்கிறது. 8-பிட்தான். வைக்கலாமா?

பழையலென்ஸ்

வேண்டாம். 8-பிட் லாக், இருட்டு அரங்கம், இந்த இரண்டும் சேரவே கூடாது. லாக் வைத்தாலே குறைந்தபட்ச ஐஎஸ்ஓ மேலே போய்விடும். 256 படிகளில் மிக அகலமான ஒளி வீச்சை அடைக்கப் பார்க்கும். கிரேடிங்கில் (வண்ணத் திருத்தத்தில்) விரித்தால் புள்ளியோடு பட்டை பட்டையாகவும் வரும். சாதாரண ரெக்.709 புரொஃபைல், கான்ட்ராஸ்டை ஒரு படி குறைத்து வையுங்கள், போதும்.

10-பிட் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: லாக் எடுப்பதானால் கேமராவின் ஒளி அளவு காட்டுவதை விட 1 முதல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடுதல் வெளிச்சம் கொடுத்து எடுத்து, பிறகு இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கும்போது புள்ளி அடியில் அமுங்கிவிடும். ஆனால் அந்தக் கூடுதல் வெளிச்சம் லென்ஸ் வழியாக வர வேண்டும், ஐஎஸ்ஓ ஏற்றி வரக்கூடாது.

ஒளியளவு

நிறம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. மேடைப் பதிவில் இது பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் எடிட்டிங் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலையும் தனித்தனியாகப் பாருங்கள். மஞ்சள் டங்ஸ்டன் விளக்கில் எடுத்த காட்சி என்றால் சிவப்பு பளிச்சென்று இருக்கும், நீலம் மணல் வாரி இறைத்தமாதிரி இருக்கும். 3200 கெல்வின் விளக்கில் நீல ஒளி மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வொயிட் பேலன்ஸ் நீலத்தைப் பல மடங்கு பெருக்குகிறது, அதோடு நீலத்தின் புள்ளியும் பெருகுகிறது. வொயிட் பேலன்ஸை 3200-இல் வைக்காமல் 4000 பக்கம் வைத்துப் பாருங்கள். மேடை கொஞ்சம் பொன்னிறமாக இருக்கும், நிழல் அமைதியாக இருக்கும். அந்தச் சூடான நிறம் பல காட்சிகளுக்கு அழகாகவே பொருந்தும்.

எல்ஈடி விளக்கில் இது தலைகீழாக நடக்கும். மேடை முழுக்க ஒரே நீலம் போட்டால் சிவப்பிலும் பச்சையிலும் ஏறத்தாழ ஒன்றுமே பதிவாகாது. மனித முகத்தின் விவரமெல்லாம் அந்த இரண்டு சேனலில்தான் அதிகம். நீலம் மட்டும் வெந்துபோய், மற்றது புள்ளியாகி, முகம் பொம்மை மாதிரி ஆகிவிடும். இதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. ஒத்திகையின்போது விளக்கு இயக்குபவரிடம் போய்ப் பேசுங்கள். நீலக் காட்சியிலும் முன்பக்கத்திலிருந்து லேசாக வெள்ளை ஒளி கலந்துவிடச் சொல்லுங்கள். பார்வையாளர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கேமராவுக்கு உயிர் வந்துவிடும். பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

கைபேசிப்பதிவு

எங்களை மாதிரி கைபேசியில் எடுப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். நைட் மோடில் புகைப்படம் அவ்வளவு நன்றாக வருகிறது, வீடியோ மட்டும் ஏன் இப்படி?

ஒளியளவு

புகைப்படத்துக்குக் கைபேசி பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறது. வீடியோவில் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 1/30 நொடி வெளிச்சம்தான். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

செய்யக்கூடியது: முதன்மைக் கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள், சென்சாரும் லென்ஸ் திறப்பும் அதில்தான் பெரிது. ஜூம் வேண்டாம். இருட்டில் ஜூம் பொத்தானை அழுத்தினாலும் பல கைபேசிகள் முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தருகின்றன. அதனால் முடிந்தால் முன்னால் போய் நில்லுங்கள். 60 ஃபிரேம் வேண்டாம், 30 அல்லது 24. எக்ஸ்போஷரைத் தொட்டுப் பிடித்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் ஆள் அசையும்போதெல்லாம் பின்னணி வெளுத்துக் கறுத்து ஆடும். கையால் எல்லாவற்றையும் வைக்க ஆசையென்றால் பிளாக்மேஜிக் கேமரா செயலி ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

கைபேசிப்பதிவு

நன்றி, இன்றைக்கே பார்க்கிறேன்.

கத்திரிக்கோல்

சரி, மேடைக்கண் முதலில் கேட்ட மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன்.

கேமராவுக்குள் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை மிகக் குறைவில் வையுங்கள். அது அவசரத்தில் செய்யும் வேலை. துணியின் நெசவையும் முடியையும் புள்ளியோடு சேர்த்து வழித்துவிடும், பிறகு திரும்ப வராது. ஒரு விதிவிலக்கு உண்டு: எடுத்ததை அப்படியே கொடுக்கப் போகிறீர்கள், எடிட்டிங்கே இல்லை என்றால் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

கணினியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒரே ஃபிரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து மென்மையாக்குவது. இன்னொன்று, முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களை ஒப்பிட்டு, அசையாத இடத்தில் சராசரி எடுப்பது. உங்கள் திரைச்சீலை அசைவதில்லை. எனவே இரண்டாவது வகை அதைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். முதலில் அதைப் போடுங்கள், முதல் வகையை மிச்சத்துக்கு மட்டும் கொஞ்சமாக. அளவு மீறினால் ஆடும் கைக்குப் பின்னால் பேய் மாதிரி நிழல் தொடரும், உடனே தெரிந்துவிடும்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இந்த இரண்டுமே கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் உள்ளன. அதில் ஃபிரேம் எண்ணிக்கையை 2-இல் தொடங்குங்கள். வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் உள்ள இணைப்பைப் பிரித்துவிட்டு, நிறத்துக்கு அதிகமாகவும் வெளிச்சத்துக்குக் குறைவாகவும் கொடுங்கள். நம் கண்ணை உறுத்துவது சிவப்பும் பச்சையுமாக மினுங்கும் நிறப்புள்ளிதான். வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளியைக் கண் பொறுத்துக்கொள்ளும். நீட் வீடியோ என்ற புள்ளி நீக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் விவரம் எதுவும் இல்லாத சமதளப் பகுதியைக் காட்டி அதற்குப் புள்ளியின் மாதிரியைக் கற்றுக்கொடுங்கள். திரைச்சீலையில் மடிப்பில்லாத இடம் இதற்கு ஏற்றது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் எச்கியூடிஎன்3டி என்ற ஃபில்டர் இருக்கிறது, மிதமான புள்ளிக்குப் போதும்.

வரிசை முக்கியம். புள்ளி நீக்கம் முதலில், வண்ணம் பிறகு. வெளிச்சம் ஏற்றி, ஷார்ப்பன் செய்து, கடைசியில் புள்ளியை எடுக்கப் பார்த்தால் பாதிதான் போகும்.

அதோடு, கருப்பு கருப்பாக இருக்கட்டும். பின்திரையில் பார்வையாளர் பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை. கர்வில் அடிப்பகுதியைச் சற்று இறக்கினால் மிச்சப் புள்ளியும் மறைந்துவிடும், மேடைக்கு ஒரு ஆழமும் வரும். சுத்தமான கருப்பைச் சுருக்குவது எளிது, அதனால் ஏற்றியபின் கட்டம் கட்டமாக உடைவதும் குறையும். யூடியூபில் என்றால் 4கே அளவில் ஏற்றுங்கள், எச்டியை விடக் கூடுதல் பிட்ரேட் கிடைக்கிறது.

நிழல்வெளி

4கேயில் எடுத்து எச்டியாகக் குறைத்தாலே புள்ளி குறையும் என்பார்களே?

கத்திரிக்கோல்

உண்மை. நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும்போது புள்ளி ஏறத்தாழ பாதியாகும். ஆனால் கேமரா கோப்பாகச் சுருக்கும்போதே நிழலை மெழுகியிருந்தால் அந்த லாபம் முழுசாகக் கிடைக்காது.

மேடைக்கண்

ஒரு ஒத்திகையில் முயன்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நண்பரிடம் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 இரவல் வாங்கினேன். 25 ஃபிரேம், 1/50, எஃப் 2-இல் வைத்தேன். அளவை விடச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் கொடுத்தும் ஐஎஸ்ஓ 640-ஐத் தாண்டவில்லை. திரைச்சீலை எந்த மென்பொருளும் இல்லாமலே அடங்கிவிட்டது. நடனமாடுபவரின் புடவைக் கரையில் உள்ள சரிகை வேலைப்பாடு முதல்முறையாக இழை இழையாகத் தெரிகிறது. முன்பு அந்த இடம் வெறும் மஞ்சள் திட்டாக இருக்கும்.

விளக்குப் பொறுப்பாளரிடம் பேசினேன், நீலக் காட்சியில் முன்னொளி சேர்க்க ஒப்புக்கொண்டார்.

மிச்சம் ஒரே சிக்கல். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்ததால், விளக்கு அணையும் நொடியில் கேமரா தானாக ஏற்றி, கருப்பு சாம்பலாகி, ஒரு கணம் புள்ளி கொட்டுகிறது. கையால் வைத்தால் பளிச்சென்ற காட்சியில் முகம் வெளுக்குமோ என்று பயம்.

ஒளியளவு

சரிகை தெரிகிறது என்று படித்தபோது உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

ஐஎஸ்ஓவைக் கையால் பூட்டிவிடுங்கள். மேடை இருளும்போது படமும் இருள வேண்டும், அது விளக்கு அமைத்தவரின் எண்ணம். ஒத்திகையில் மிகப் பளிச்சென்ற காட்சியைப் போடச் சொல்லி, முகத்தில் ஜீப்ராவை (குறிப்பிட்ட வெளிச்ச அளவை எட்டும் இடத்தில் கோடு காட்டும் வசதி) 70 சதவீதத்துக்கு வைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் அது லேசாகத் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். மாநிறம், கருமை என்றால் அதற்கும் கீழே, 50-60 பக்கம். வெள்ளை உடை கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம் வெளுக்கக்கூடாது. நிகழ்ச்சியின் நடுவே மாற்ற வேண்டியிருந்தால் ஐஎஸ்ஓவைத் தொடாமல் அப்பெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) ஒரு கிளிக் மட்டும் நகர்த்துங்கள், அதுவும் காட்சி மாறும் இடத்தில். உங்கள் லென்ஸ் எஃப் 2-இல் இருப்பதால் 2.8 வரை இறக்க ஒரு முழு ஸ்டாப் கையில் இருக்கிறது.